ஒளியை வாசித்தவர்கள்

1952இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘பதினைந்து அமெரிக்கர்கள்’ என்றொரு கண்காட்சி நடத்தியது. கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர் டோரதி மில்லர். ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ, கிளிஃபர்ட் ஸ்டில் என்று இன்று ஏலக்கூடங்களில் கோடிகளைத் தொடும் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. கூடவே தாமஸ் வில்ஃபிரெட் என்று ஒருவர். அறுபதைத் தாண்டிய டென்மார்க்காரர். தூரிகை, உளி எதுவும் அவர் கையில் இல்லை. அவருடைய படைப்பைப் பார்க்க இருட்டு வேண்டும், மின்சாரம் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஒரு திரையில் இளம்பச்சை மெல்ல எழும்பும். எழும்பும்போதே ஓரம் சிவக்கும். சிவந்தது மடிந்து ஊதாவாகி மேலே போய்க் கரையும். ஓசை கிடையாது. கதை கிடையாது. இன்னதுதான் என்று சுட்டிக்காட்ட ஓர் உருவமும் கிடையாது.

பொல்லாக்கும் ராத்கோவும் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டார்கள். வில்ஃபிரெட்டின் பெயரைக் கலை மாணவர்களே கேள்விப்பட்டிருப்பது அபூர்வம். இத்தனைக்கும் நகரும் ஒளியால் அரூபக் கலை செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு இருநூறு ஆண்டுகள் முந்தியது. அந்த இருநூறு ஆண்டுகளும் விசித்திரமானவை. இந்தத் துறையில் இறங்கியவர்களில் பலர் தாம்தான் முதல் ஆள் என்று நம்பினார்கள். ஒரு கருவி செய்தார்கள், காப்புரிமை வாங்கினார்கள், தாமே வாசித்தார்கள். அவர்களோடு கருவியும் போய்ச் சேர்ந்தது. அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வம்பை ஆரம்பித்து வைத்தவர் ஐசக் நியூட்டன். முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்தபோது அவர் முதலில் பேசியது ஐந்து நிறங்களைப் பற்றித்தான். ஆரஞ்சும் கருநீலமும் பிறகு சேர்ந்தன. காரணம், ஐரோப்பிய இசையின் ஏழு படிகள். 1704இல் வெளிவந்த ‘ஒளியியல்’ நூலில் நிறவட்டத்தை அவர் ஸ்வர இடைவெளிகளின் விகிதத்திலேயே பிரித்துப் போட்டார். ஏழு ஸ்வரத்தோடு வளர்ந்த நமக்கும் அது இயல்பாகவே தோன்றும். ஆனால் நிறமாலையில் கோடு போட்டு நிறுத்திய எல்லை எதுவும் இல்லை. ஏழு என்பது நியூட்டன் காதால் கேட்டுக் கண்ணில் வைத்த எண்.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டவர் லூயி பெர்த்ரான் காஸ்டெல். பாரிஸில் கணிதம் கற்பித்த ஏசுசபைப் பாதிரியார். வேடிக்கை என்னவென்றால் அவர் நியூட்டனின் எதிராளி. 1725இல் ‘மெர்க்யூர் டி பிரான்ஸ்’ இதழில் ஒரு யோசனை எழுதினார்: ஹார்ப்சிகார்டின் கட்டையை அழுத்தினால் ஒலிக்குப் பதில் நிறம் தெரிய வேண்டும். ஸ வுக்கு நீலம், க வுக்கு மஞ்சள், ப வுக்குச் சிவப்பு என்று நம் கணக்கில் சொல்லலாம். முதலில் அது வெறும் யோசனைதான். செய்து காட்டுவது கைவினைஞர் வேலை, என் வேலை சிந்திப்பது என்று அவர் ஒதுங்கப் பார்த்தார். ஊர் விடவில்லை. மீதி வாழ்நாள் முழுவதும் அந்தக் கருவியோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

இசையமைப்பாளர் டெலமான் பாரிஸுக்கு வந்தபோது இதைப் பற்றித் தெரிந்துகொண்டு, 1739இல் ஜெர்மன் மொழியில் ஒரு வர்ணனையே வெளியிட்டார். வால்டேர் முதலில் மரியாதையாக எழுதினார், பிறகு கணிதத்தின் டான் குயிக்ஸாட் என்று கேலி செய்தார். உண்மையான அடி ரூசோவிடமிருந்து வந்தது. ஒலி பிறந்த கணமே மறைகிறது, அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இசையாகிறது. நிறம் ஓரிடத்தில் தங்குவது, பக்கத்தில் இன்னொரு நிறம் இருக்கும்போதுதான் அதற்கு அழகு. இரண்டையும் ஒன்றாக்குவது கண்ணையும் காதையும் குழப்புவது என்பது அவர் வாதம். இதற்குச் சரியான பதில் சொல்ல இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆயிற்று.

காஸ்டெலுக்குத் தத்துவத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. வெளிச்சம் போதவில்லை. 1754இல் அவர் காட்டிய மாதிரிக்கு ஏறக்குறைய நூறு மெழுகுவர்த்தி தேவைப்பட்டது. அறை முழுக்கச் சூடும் புகையும், நடுவில் கண்ணாடித் துண்டுகளில் மங்கலாக மின்னும் நிறங்கள். மூன்று ஆண்டுகளில் காஸ்டெல் இறந்தார்.

அதன்பின் இந்தக் கதை நகர்வதற்கு மின்விளக்கு வர வேண்டியிருந்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்பே நியூயார்க் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் பிஷப் என்ற ஓவியர் வீட்டு ஆர்கனின் தலையில் ஒரு கண்ணாடி மாடத்தைக் கட்டி 1877இல் காப்புரிமை பெற்றார். சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னம் தன் வீட்டுக்கு ஒன்று வாங்கினார். பிஷப் மொத்தம் மூன்று கருவிகள் செய்தார். மூன்றும் தனித்தனித் தீவிபத்துகளில் எரிந்துபோயின.

லண்டனில் அலெக்சாண்டர் வாலஸ் ரிமிங்டன் இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார். அவரும் ஓவியர், 1893இல் ‘வண்ண ஆர்கன்’ என்று பதிவு செய்தார். 1895 ஜூன் 6 அன்று செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் அரங்கேற்றம். ஆளுயரத்தைத் தாண்டிய பெட்டி, உள்ளே கண்ணைக் கூசவைக்கும் கார்பன் வில் விளக்குகள், கீழே ஆர்கன் கட்டைகள். கருவிக்குச் சொந்தமாகக் குரல் இல்லை. பக்கத்தில் வேறொருவர் வாக்னரும் ஷோப்பானும் வாசிக்க, அதே ஸ்வரங்களை இவர் நிறமாக வெள்ளைத் திரையில் வீசினார். வேகமான இசை வந்ததும் வில்லங்கம் தெரிந்துவிட்டது. காது ஒரு நொடிக்குள் பத்து ஸ்வரத்தைப் பிரித்துக் கேட்கும். கண்ணுக்கு அதே வேகத்தில் பத்து நிறத்தைக் காட்டினால் மிஞ்சுவது சிமிட்டல்.

ரூசோ சொன்னது இதைத்தான்.

எந்த ஸ்வரத்துக்கு எந்த நிறம் என்பதிலாவது ஒற்றுமை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. காஸ்டெலுக்கு நீலமாக இருந்த அதே ஸ்வரம் ரிமிங்டனுக்குச் சிவப்பு. ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு அது வெள்ளை. 1907இல் பாரிஸின் ஒரு காப்பிக் கடையில் ரிம்ஸ்கி-கோர்சகோவும் சக இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினும் இதைப் பேசிக்கொண்டிருந்ததை, உடனிருந்த இன்னோர் இசையமைப்பாளர் ராஹ்மானினோவ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ராஹ்மானினோவுக்கு நிறம், ஸ்வரம் என்பதெல்லாம் பிதற்றலாகப்பட்டது. டி மேஜர் மஞ்சள், பொன்னிறம் என்பதில் மட்டும் மற்ற இருவரும் ஒத்துப்போனார்கள். உடனே ராஹ்மானினோவையே சாட்சிக்கு இழுத்தார்கள்: நீங்கள் எழுதிய ‘கஞ்சப் பிரபு’ ஓபராவில் பெட்டி பெட்டியாகத் தங்கத்தைத் திறந்து காட்டும் இடம் எந்தச் சுருதியில் இருக்கிறது? டி மேஜரில்தான். மற்ற நிறங்களில் பெரும்பாலும் அந்த இருவருக்குமே ஒத்துவரவில்லை.

ஸ்க்ரியாபின் 1910இல் முடித்த ‘புரோமீத்தியஸ்: நெருப்பின் கவிதை’யின் இசைக்குறிப்பில் எல்லா வாத்தியங்களுக்கும் மேலே ‘லூசே’ என்று ஒரு வரி ஓடுகிறது. ஒளிக்கு என்றே எழுதிய வரி. அதில் இரண்டு குரல்கள். ஒன்று இசையின் ஒத்திசைவு மாறும்போதெல்லாம் மாறும். இன்னொன்று ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு நீளும் படைப்பில் ஒருசில முறை மட்டும், அடிவானம் வெளுப்பதுபோல நிறம் மாறும். ரிமிங்டனிடம் இல்லாத நிதானம் இங்கே இருந்தது. ஆனால் 1911இல் மாஸ்கோ அரங்கேற்றத்தில் விளக்குக் கருவி ஒத்துழைக்காமல் இசை மட்டும் ஒலித்தது. ஒளியோடு முதன்முதலில் நிகழ்ந்தது 1915 மார்ச் 20 அன்று, நியூயார்க்கின் கார்னெகி ஹாலில். ‘குரோமோலா’ என்ற கருவி சின்னஞ்சிறு திரையில் நிறங்களைக் காட்டியது. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த மாதமே மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் காலமானார். தன் வீட்டில் அவர் சோதித்துப் பார்த்த விளக்கு, ஒரு மரவட்டத்தில் வளையமாகப் பொருத்திய வண்ண பல்புகள், அங்கே அவருடைய நினைவில்லத்தில் இருக்கிறது.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு மூலை உண்டு. ஸ்க்ரியாபின் பிரம்மஞான நூல்களை விரும்பிப் படித்தவர். தன் கடைசிக் கனவான ‘மிஸ்டீரியம்’ என்ற மாபெரும் நிகழ்வை இமயமலை அடிவாரத்தில் நடத்த எண்ணியிருந்தார். 1882 முதல் அடையாற்றில் தலைமையகம் கொண்டிருந்த பிரம்மஞான சபையின் அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘எண்ண வடிவங்கள்’ என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார்கள். தேவாலயத்தில் ஆர்கன் ஒலிக்க, கூரைக்கு மேல் மென்டல்சோனின் இசை ஒரு வடிவமாகவும் வாக்னரின் இசை மலைபோல இன்னொரு வடிவமாகவும் வண்ணத்தில் எழும்பி நிற்கும் படங்கள் அதில் உண்டு. அதன் ஆன்மிகத்தை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். பொருளை வரையாமல் நிறத்தை மட்டும் வரையலாம் என்ற துணிச்சலை அது பலருக்குக் கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை. ஓவியர் கான்டின்ஸ்கி அதன் ஜெர்மன் பதிப்பை வைத்திருந்தார். அமெரிக்காவில் அதே வட்டத்தைச் சேர்ந்தவர் கட்டடக் கலைஞர் கிளாட் பிராக்டன். 1916இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பாட்டும் வண்ண விளக்குமாக அவர் நடத்திய விழா பெரும் கூட்டத்தைக் கூட்டியது. வில்ஃபிரெட்டின் வாழ்க்கையைத் திருப்பியதும் இந்த பிராக்டன்தான். அதற்குள் பிலடெல்பியாவில் ஒரு பெண்மணி வேறு வழியில் வெகுதூரம் போயிருந்தார்.

மேரி ஹாலக் கிரீன்வால்ட் 1871இல் பெய்ரூட்டில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், அம்மா சாரா தாபத் அந்த மண்ணின் மகள். பியானோக் கலைஞராகப் பெயரெடுத்த பிறகு ஒளி பக்கம் திரும்பினார். தன் கருவிக்கு அம்மாவின் பெயரையே சுருக்கி ‘சாரபெட்’ என்றும், கலைக்கு அரபுச் சொற்களால் ‘நூரதார்’ என்றும் பெயரிட்டார். ஸ்வரத்துக்கு ஒரு நிறம் என்ற வாய்ப்பாட்டை அவர் தூக்கிப் போட்டார். அவருக்கு முக்கியம் ஒளியின் கூடுதல் குறைவு. மங்கலிலிருந்து பிரகாசத்துக்கு இழை அறாமல் போக வேண்டும். கடையில் கிடைத்த மின்சாதனங்கள் படிப்படியாகத் தாவின. எனவே ஒளியைச் சீராக ஏற்றி இறக்கும் ரியோஸ்டாட்டைத் தானே வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். பீத்தோவனுக்கும் டெபுஸிக்கும் ஒளிக்குறிப்பு எழுதினார்.

அந்த ரியோஸ்டாட்டை ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்கள் அனுமதி இல்லாமல் பயன்படுத்துவதாக வழக்குப் போட்டார். நீண்ட இழுபறிக்குப் பின் 1934இல் ஜெயித்தார். ஒரு பியானோக் கலைஞர் அமெரிக்காவின் மிகப் பெரிய மின்சாதன நிறுவனத்தை நீதிமன்றத்தில் தோற்கடித்த செய்தி அவருடைய கச்சேரிகளைவிட நன்றாக நிலைத்திருக்கிறது. கடைசிவரை கிரீன்வால்ட், இந்தக் கலையைப் படைத்தது தான் ஒருத்தியே என்றுதான் வாதாடினார். 1946இல் எழுதிய தன் நூலிலும் அதே பிடிவாதம்.

ஜெர்மனியிலும் இதே காலத்தில் முயற்சிகள் நடந்தன. வைமாரின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் 1922 வாக்கில் நிழல் விளையாட்டு ஒன்றுக்கு ஒத்திகை பார்க்கும்போது விளக்கை மாற்றப்போய், ஒரே உருவத்துக்கு இரண்டு நிழல் விழுந்தது. ஒன்று வெம்மையான நிறம், ஒன்று குளிர்ந்த நிறம். அதிலிருந்து லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட்-மாக் ஒரு தனிக்கலையையே வளர்த்தார். அவரும் தோழர்களும் திரைக்குப் பின்னால் நின்று விளக்குகளையும் துளையிட்ட அட்டைகளையும் கையால் நகர்த்துவார்கள். நாஜிகள் வந்தார்கள், அவர் இங்கிலாந்துக்குப் போனார். 1940இல் ‘எதிரி நாட்டார்’ என்று பிடித்து ‘டுனேரா’ கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். முகாமிலிருந்து வெளியே வந்து அங்கே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராகவே காலம் கழித்தார்.

வில்ஃபிரெட்டின் இயற்பெயர் ரிச்சர்ட் எட்கர் லோவ்ஸ்ட்ரோம். 1889இல் டென்மார்க்கின் நெஸ்ட்வெட் ஊரில் பிறந்தார். பதினாறு வயதில் ஒரு சுருட்டுப் பெட்டி, சின்ன பல்பு, சில வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஆகியவற்றோடு தன் சோதனை தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். பிழைப்புக்கு லூட் வாத்தியத்தோடு பழம்பாடல்கள் பாடினார். 1916இல் அமெரிக்கா வந்தவரை பிராக்டனின் நண்பர் குழு சேர்த்துக்கொண்டது. லாங் ஐலண்டில் அவர்கள் கொடுத்த பட்டறையில் ‘கிளாவிலக்ஸ்’ உருவானது. 1922 ஜனவரி 10 அன்று நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸில் முதல் பொதுக்கச்சேரி.

பாடகராக வாழ்ந்த மனிதர் இசையை அடியோடு வெளியே நிறுத்தினார் என்பதுதான் இதில் வியப்பு. ஸ்வரத்துக்கு நிறம் தேடுவது வீண் வேலை என்றார். தன் கலைக்கு ‘லூமியா’ என்று பெயர் வைத்தார். நிறத்தைவிட உருவமும் அசைவும் முக்கியம், நிறம் அவற்றுக்குத் துணை என்றார். கிளாவிலக்ஸில் பியானோக் கட்டைகள் இல்லை. வரிசை வரிசையாக நகர்த்தும் பிடிகள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எவ்வளவு மெதுவாகவும் தள்ளலாம். ஆட்கள் இருட்டில் மௌனமாக உட்கார்ந்து பார்த்தார்கள். ரூசோவின் கேள்விக்கான பதில் இந்த மௌனத்தில் இருந்தது: கண்ணுக்கு அதற்கே உரிய தாளத்தைக் கொடுத்துவிட்டால் காதோடு போட்டி போட வேண்டியதில்லை. இந்தத் துறையில் மற்றவர்கள் எல்லோரையும்விட வில்ஃபிரெட்டை ஒரு படி மேலே வைக்க இது ஒன்றே போதும். விதிவிலக்கும் உண்டு. 1926இல் ஸ்டோகோவ்ஸ்கியின் பிலடெல்பியா இசைக்குழு ‘ஷெஹராசாத்’ வாசித்தபோது கூடவே ஒளி வாசித்தார்.

ஐரோப்பா, கனடா என்று சுற்றியவர் பிறகு தானே வாசிக்கத் தேவையில்லாத சிறு கருவிகளைச் செய்யத் தொடங்கினார். 1930இல் வந்த ‘கிளாவிலக்ஸ் ஜூனியர்’ பார்ப்பதற்குப் பிற்காலத் தொலைக்காட்சிப் பெட்டி மாதிரியே இருக்கும். இசைத்தட்டு மாற்றுவதுபோல, கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடித் தட்டை மாற்றி வேறொரு படைப்பைப் பார்க்கலாம். ஆனால் அது பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலம். செய்யப்பட்டவை இருபதுக்கும் குறைவு.

பெட்டியின் உள்ளே இருப்பது மலைக்கவைக்கும் எளிமை. ஒரு பல்பு, மெதுவாகச் சுழலும் வண்ணக் கண்ணாடித் தட்டுகள், வளைத்து நெளித்த உலோகப் பிரதிபலிப்பான்கள், ஒரு லென்ஸ், பின்னாலிருந்து ஒளி விழும் திரை. சூட்சுமம் சுழலும் வேகத்தில் இருக்கிறது. எந்த இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் சுற்றி முடிக்காது. உதாரணத்துக்கு ஒன்று 5 நிமிடத்திலும் ஒன்று 7 நிமிடத்திலும் ஒன்று 9 நிமிடத்திலும் சுற்றினால், மூன்றும் தொடங்கிய நிலைக்குத் திரும்ப 315 நிமிடம், அதாவது ஐந்தே கால் மணி நேரம் ஆகும். 11 நிமிடச் சக்கரம் ஒன்றைச் சேர்த்தால் அது 3,465 நிமிடம். இரண்டரை நாளுக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடத்து மீச்சிறு பொது மடங்குதான், வேறு மாயம் இல்லை. இந்தக் கணக்கை வைத்தே ஓவியர்கள் அளவைக் குறிப்பதுபோல அவர் காலத்தைக் குறித்தார். 1965–66இல் செய்த ‘ஓபஸ் 161’ மறுபடி தொடங்க 1 ஆண்டு, 315 நாள், 12 மணி நேரம். நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக 1963–64இல் செய்த ‘லூமியா சூட், ஓபஸ் 158’ முழுதாக ஒரு சுற்று வர 9 ஆண்டு, 127 நாள், 18 மணி நேரம். அருங்காட்சியகம் பகலில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். அங்கே அது 1980 வாக்கில் எடுத்து வைக்கப்படும்வரை ஓடியும் ஒரு சுற்றுக்கூட நிறைந்திருக்க வழியில்லை.

வில்ஃபிரெட் நிறுவிய ‘ஒளிக் கலைக் கழகம்’ 1933 முதல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் பேலஸ் கட்டடத்தில் கச்சேரி நடத்தியது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கட்டடத்தை ராணுவம் ஆள்சேர்ப்புக்கு எடுத்துக்கொண்டது. அதோடு அரங்கக் கச்சேரி நின்றது, பெட்டிகள் மட்டும் தொடர்ந்தன. 1968இல் அவர் இறந்தபோது, அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை வேறு இடங்களில் வேலையைத் தொடங்கியிருந்தது. ராக் கச்சேரிகளுக்குப் பின்னால் திரவ ஒளிக்காட்சி அமைத்த ஜோஷுவா வைட் அவர்களில் ஒருவர். வெற்று அறையையே ஒளியால் நிரப்பும் ஜேம்ஸ் டர்ரெல் இன்னொருவர்.

கலிபோர்னியாவில் ஆஸ்கர் ஃபிஷிங்கரும் வழக்கம்போல முதலிலிருந்து ஆரம்பித்தவர்தான். அரூப அனிமேஷனில் பெரும் பெயர். அவருடைய ‘லூமிகிராஃப்’ 1955இல் காப்புரிமை பெற்றது. அதற்கு மோட்டாரும் சக்கரமும் கிடையாது. ரப்பர் திரையைப் பின்னாலிருந்து கையால் அழுத்தினால், சட்டத்திலிருந்து வரும் மெல்லிய வண்ண ஒளிக்கீற்று அந்தப் புடைப்பின்மேல் மட்டும் விழும். ஒருவர் நிறம் மாற்ற, ஒருவர் வாசிக்க, இரண்டு ஆள் வேண்டும். 1964இல் ‘தி டைம் டிராவலர்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் அது எதிர்காலத்து வாத்தியமாக நடித்தது.

வில்ஃபிரெட்டின் படைப்புகளில் மிஞ்சியவற்றில் பெரும்பங்கைத் தேடிச் சேர்த்தவர் யூஜீன் எப்ஸ்டைன் என்ற வானியலாளர். இளவயதில் அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்த்து மயங்கியவர். 2011இல் டெரன்ஸ் மாலிக்கின் ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ படத்தில் அடிக்கடி தோன்றும் அந்தச் செம்பொன் சுடர் அவரிடமிருந்த ‘ஓபஸ் 161’தான். கணினி வரைகலை என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். 2017இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் வில்ஃபிரெட்டுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அது பிறகு வாஷிங்டனின் ஸ்மித்சோனியனுக்கும் போனது. அதற்காக ‘லூமியா சூட்’டைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டார்கள். மோட்டாரும் பற்சக்கரமும் தேடினால் கிடைக்கும், இல்லையென்றால் கடைந்துகொள்ளலாம். சிக்கல் பல்பில்தான். பழைய டங்ஸ்டன் பல்பின் இழை எந்த வடிவில் சுருண்டிருக்கிறதோ அதுவே பிரதிபலிப்பானில் நீண்டு வளைந்து திரையில் உருவமாகிறது. அந்த இடத்தில் எல்இடி போட்டால் நிறமும் மாறும், உருவமும் மாறும். உலகமோ டங்ஸ்டன் பல்பைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. அவருடைய குறிப்புகளும் வரைபடங்களும் யேல் நூலகத்தில் இருக்கின்றன. பெட்டியைத் திறக்கும் பழுதுபார்ப்பவர்கள் முதலில் அவற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.